வாராந்திரப் பட்டியலில் வராத 26 ரூபாய்

கேள்வி: சனிக்கிழமைதோறும் உலகச் சந்தைகளின் வாராந்திர ஏற்ற இறக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அதிகம் ஏறிய நாட்டின் இ.டி.எஃப். (ஒரு குறியீட்டெண்ணையோ உலோக விலையையோ பின்பற்றி, பங்குபோலச் சந்தையில் கைமாறும் ஃபண்ட்) யூனிட்களைத் திங்கட்கிழமை காலையில் வாங்குவது என் வழக்கம். மூன்று வாரத்துக்கு முன் அமெரிக்கக் குறியீட்டெண் ஒன்றைப் பின்பற்றும் இ.டி.எஃப்.-இல் 200 யூனிட்களை 212 ரூபாய் வீதம் வாங்கினேன். அதன்பின் அந்தக் குறியீட்டெண் 2 சதவீதம் ஏறியிருக்கிறது. என் யூனிட்டோ 199 ரூபாய்க்கு வந்துவிட்டது. இது மோசடி இல்லையா? மூன்று மடங்கு ஏறும் இ.டி.எஃப். அமெரிக்காவில் இருக்கிறது, அதில் போட்டால் ஒரே வாரத்தில் இழப்பை எடுத்துவிடலாம் என்கிறார் சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர். இது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருக்கும் பணம், ஜூனில் தேவை. எல்லோரும் போடும் வாராந்திரப் பட்டியலை உங்கள் பத்திரிகை மட்டும் ஏன் வெளியிடுவதில்லை?
– வாசகர், கரூர்

பதில்: மோசடி இல்லை. ஆனால் நீங்கள் இழந்தது உண்மை. வாங்கும்போது உங்களைத் தடுத்து, "ஐயா, ஒரு நிமிடம் பொறுங்கள்" என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய காண்ட்ராக்ட் நோட்டின் (வாங்கியதற்குப் புரோக்கர் தரும் சீட்டு) நகல் என் மேசையில் இருக்கிறது. ஆர்டர் நிறைவேறிய நேரம் காலை 9.21. விலை 212 ரூபாய். அதே நாளில் அந்த யூனிட்டின் என்.ஏ.வி., அதாவது அதற்குள் இருக்கும் அமெரிக்கப் பங்குகளின் உண்மையான மதிப்பு, 186 ரூபாய். 186 ரூபாய்ச் சரக்குக்கு 26 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் கூடுதலைத்தான் பிரீமியம் என்பார்கள். இன்று என்.ஏ.வி. 190, குறியீட்டெண் ஏறியதற்கு ஏற்ப 4 ரூபாய் கூடியிருக்கிறது. சந்தை விலை 199. அன்று 26 ரூபாயாக இருந்த பிரீமியம் இன்று 9 ரூபாய். பிரீமியத்தில் 17 ரூபாய் போய், மதிப்பில் 4 ரூபாய் வந்து, யூனிட்டுக்கு 13 ரூபாய் நஷ்டம். 200 யூனிட்டுக்கு 2,600 ரூபாய். அமெரிக்கச் சந்தை உங்களுக்கு லாபம்தான் தந்தது. நீங்கள் தோற்றது, வாங்கிய விலையில்.

அந்த 26 ரூபாய் எங்கிருந்து முளைத்தது என்பதை விளக்கியாக வேண்டும். சாதாரண இ.டி.எஃப். ஒன்றின் விலை, அதன் மதிப்பை விட்டு வெகுதூரம் போகாது. விலை ஏறினால், மார்க்கெட் மேக்கர் எனப்படும் பெரிய வியாபாரிகள் ஃபண்ட் நிறுவனத்திடம் பணமோ பங்குகளோ கொடுத்துப் புது யூனிட்களை உருவாக்கிச் சந்தையில் விற்பார்கள், விலை இறங்கிவிடும். நிஃப்டி இ.டி.எஃப்.-களில் இது நாள்தோறும் நடப்பதால் இடைவெளி பெரும்பாலும் காசுக் கணக்கில் நின்றுவிடுகிறது.

வெளிநாட்டு இ.டி.எஃப்.-களில் இந்த வாசல் அடைபட்டிருக்கிறது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர் வரைதான் முதலீடு செய்யலாம், வெளிநாட்டு இ.டி.எஃப்.-களுக்குத் தனியாக 100 கோடி டாலர். ரிசர்வ் வங்கி வகுத்த வரம்பு இது. முதல் வரம்பு 2022இன் தொடக்கத்திலேயே நெருங்கிவிட்டது. இரண்டாவதும் நிரம்பும் நிலைக்கு வந்ததால், 2024 ஏப்ரல் 1 முதல் அந்த வழியிலும் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தும்படி சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சொன்னது. புது யூனிட் வரத்து நின்றது. வாங்க வருபவர்கள் நிற்கவில்லை. தீபாவளிக்கு ரயில் டிக்கெட் தீர்ந்ததும் ஆம்னி பஸ் கட்டணம் எகிறுவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னைக்கும் கரூருக்கும் இடையிலான தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறியிருக்காது. உங்கள் 26 ரூபாய் அந்தக் கட்டணம்தான்.

வெளிநாட்டுக் குறியீட்டெண்களோடு இது நிற்பதில்லை. 2025 அக்டோபரில் லண்டன் சந்தையில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, விலை அவுன்ஸுக்கு 50 டாலரைத் தாண்டியபோது, நம் ஊர் வெள்ளி இ.டி.எஃப்.-களும் மதிப்பைவிட மிக உயரத்தில் கைமாறின. சில ஃபண்ட் நிறுவனங்கள் தங்கள் வெள்ளி ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் (இ.டி.எஃப். யூனிட்களை வாங்கிவைக்கும் ஃபண்ட்) திட்டங்களில் புதிதாக மொத்தப் பணம் வாங்குவதையே நிறுத்திவைத்தன. விற்கிற கடைக்காரரே கதவைச் சாத்துகிறார் என்றால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன வேண்டும்? ஆனாலும் பண்டிகை நேரத்தில் வாங்கினார்கள். தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 21 அன்று, உலகச் சந்தையில் வெள்ளி சுமார் 7 சதவீதம் சரிந்தது. பிரீமியம் கொடுத்து வாங்கியவர்களுக்கு உலோகத்தின் விலையும் போனது, மேலே கொடுத்ததும் கரைந்தது.

இனி, நீங்கள் நம்பியிருக்கும் பட்டியலுக்கு வருகிறேன்.

2024 ஆகஸ்ட் முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. நமக்கு அது ஒரு வட்டியாகவே தோன்றாது. ஆனால் ஏறக்குறைய வட்டியே இல்லாமல் ஜப்பானிய நாணயமான யென்னில் கடன் வாங்கி உலகம் முழுவதும் பங்குகளில் போட்டிருந்தவர்களுக்கு, யென் ஏறத் தொடங்கியதும் கழுத்தில் கயிறு இறுகியது. வெள்ளியன்று வந்த அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் மோசமாக இருந்தது. ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, டோக்கியோவின் நிக்கி குறியீட்டெண் ஒரே நாளில் 4,451 புள்ளிகள், அதாவது 12.4 சதவீதம் வீழ்ந்தது. புள்ளிக் கணக்கில் 1987இன் வீழ்ச்சியையும் அது தாண்டியது. மும்பையில் சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் இழந்தது. நியூயார்க்கில், 500 பெரிய அமெரிக்க நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண் 3 சதவீதம் இறங்கியது. அன்று காலை எங்கள் அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை, "எல்லாவற்றையும் விற்றுவிடட்டுமா?" என்பதுதான் எல்லோர் குரலிலும்.

மறுநாள் நிக்கி 3,217 புள்ளிகள், அதாவது 10.2 சதவீதம் ஏறியது. வியாழக்கிழமை எஸ் அண்ட் பி 2.3 சதவீதம் ஏறியது. வெள்ளிக்கிழமை வாரக் கணக்கை முடித்தபோது, எஸ் அண்ட் பி 500இன் வாராந்திர மாற்றம் 0.04 சதவீத இறக்கம். சனிக்கிழமை பட்டியலை மட்டும் பார்த்த ஒருவருக்கு அது எதுவுமே நடக்காத வாரம். திங்கட்கிழமை பயந்து விற்றவருக்கோ அது சேமிப்பு கரைந்த வாரம்.

நிக்கியின் அந்த இரண்டு நாள்களையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் 12.4 சதவீதம் இறங்கினால் 87 ரூபாய் 60 காசு. அது 10.2 சதவீதம் ஏறினால் 96 ரூபாய் 50 காசு. இறங்கிய சதவீதத்தையும் ஏறிய சதவீதத்தையும் கூட்டிக் கழித்து "ஏறத்தாழ சமமாகிவிட்டது" என்று நினைப்பவர்கள், கையில் குறைந்திருக்கும் மூன்றரை ரூபாயைப் பார்ப்பதில்லை. போதாததற்கு அந்தச் சதவீதம் யென்னில் போட்ட கணக்கு. உங்கள் வீட்டுச் செலவு ரூபாயில். இடையில் யென்னும் டாலரும் நகர்ந்ததைப் பட்டியல் சொல்லாது.

2025 ஏப்ரலில் இன்னும் கொடுமை. அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்புக்குப் பின், ஏப்ரல் 4ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் எஸ் அண்ட் பி 9 சதவீதம் சரிந்தது. பட்டியல்படி நடந்தவர்கள் திங்கட்கிழமை விற்றார்கள். புதன்கிழமை, ஏப்ரல் 9, ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. போன வாரத்துச் செய்தியைக் கொண்டு இந்த வாரத்துக்கு முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

நேரத்தையும் கவனியுங்கள். அமெரிக்கச் சந்தை அங்கே கோடைக்காலத்தில் நம் நேரப்படி சனிக்கிழமை அதிகாலை 1.30 மணிக்கு மூடுகிறது, குளிர்காலத்தில் 2.30க்கு. நீங்கள் காபியோடு பட்டியலைப் பார்ப்பதற்குள் உலகம் முழுவதும் அது தெரிந்துவிடுகிறது. திங்கட்கிழமை 9.15க்கு நம் சந்தை திறக்கும்போது, அந்த ஏற்றத்தைப் பார்த்து வாங்க வந்த கூட்டம் உங்களுக்கு முன்னே நிற்கிறது. அமெரிக்கச் சந்தை அப்போது மூடியிருக்கிறது. மாலை 7 மணிக்குத்தான், குளிர்காலமென்றால் 8 மணிக்குத்தான் திறக்கும். பிரீமியம் எகிறுவதற்கு அதைவிட வசதியான நேரம் இல்லை. 9.21 என்ற அந்த நேரத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கதை புரிந்துவிட்டது.

மைத்துனர் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்று மடங்கு என்பது ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியான கணக்கு, வாரத்துக்கோ மாதத்துக்கோ அல்ல. குறியீட்டெண் 100இலிருந்து 90க்கு இறங்கி மறுநாள் மீண்டும் 100க்கு வந்தால் சந்தைக்கு நஷ்டமில்லை. மூன்று மடங்கு யூனிட் முதல் நாள் 70க்குப் போகும், மறுநாள் 33.3 சதவீதம் ஏறி 93க்குத்தான் வரும். 7 ரூபாய் காணாமல் போய்விடும், யாரும் எடுக்காமலே. அமெரிக்காவில் எக்ஸ்.ஐ.வி. என்று ஒரு முதலீட்டுத் திட்டம் இருந்தது. சந்தையின் பதற்றத்தை அளக்கும் குறியீட்டெண் இறங்கினால் லாபம் தருவது. 2017இல் அதன் மதிப்பு இரண்டரை மடங்குக்கும் மேலானது. 2018 பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் 90 சதவீதத்துக்கும் மேல் போனது. அதை வெளியிட்ட வங்கி அந்த மாதமே அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. இழப்பை ஒரே வாரத்தில் எடுக்கும் பொருள் எதுவோ, அதுவே ஒரே நாளில் மிச்சத்தையும் எடுக்கும்.

பட்டியலை நாங்கள் ஏன் வெளியிடுவதில்லை என்று கேட்டீர்கள். வெளியிட்டால், இன்னொரு ஊரில் இன்னொரு தகப்பன் அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை 9.21க்கு ஆர்டர் போடுவார் என்பதால்தான். எந்த இ.டி.எஃப். அதிகம் ஏறியது என்று வரிசைப்படுத்துவது சுலபம். அதில் எவ்வளவு பிரீமியம் இருக்கிறது என்பதுதான் தேவை. அதுவோ மணிக்கு மணி மாறுகிறது. அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பொய்யாகிவிடும் எண்ணை வெளியிட எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருடங்களில் "பட்டியல் போடுங்கள்" என்று வந்த கடிதங்களுக்கும் "பட்டியலால் கெட்டேன்" என்று வந்த கடிதங்களுக்கும் கையெழுத்து பல முறை ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. உங்கள் ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில், சந்தை நேரத்தில் உத்தேச என்.ஏ.வி. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதையும் சந்தை விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றும் 190 ரூபாய்ச் சரக்குக்கு யாரோ 199 கொடுக்கிறார்கள். அந்த 9 ரூபாய் இப்போது உங்கள் பக்கம் இருக்கிறது. வாங்கிய 212 வரட்டும் என்று காத்திருந்தால் அதுவும் போகலாம். ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாகத் திருப்பிக் கொடுக்கும் வாசல் சாதாரண நாள்களில் 25 கோடி ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்குத்தான். நமக்குச் சந்தை மட்டுமே வழி. ஆகவே 'மார்க்கெட் ஆர்டர்' போடாமல், விலையைக் குறிப்பிட்டு 'லிமிட் ஆர்டர்' போட்டு விற்றுவிடுங்கள். ஜூனில் கட்ட வேண்டிய பணத்துக்கு நியூயார்க்கிலோ டோக்கியோவிலோ வேலை இல்லை. மீதியிருக்கும் 39,800 ரூபாயை, ஜூனுக்கு முன் முதிர்வடைகிற மாதிரி வங்கியில் டெபாசிட் போட்டுவிடுங்கள். குறைந்துபோன 2,600 ரூபாயைச் சம்பாத்தியத்திலிருந்து ஈடுகட்டுங்கள். சந்தையிலிருந்து எடுக்க நினைக்க வேண்டாம்.

ஜூனில், மகள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாள் என்று ஒரு வரி எழுதுங்கள்.