அந்த 5 ஏன் 4 ஆனது?

கேள்வி: நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளை, ஈப்போவின் சகோதர நகரமான ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போய்வரத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில் வந்து தங்கும். பொம்பளைப் பிள்ளையை மொழி தெரியாத ஊருக்கு அனுப்பலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்? மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறார். அறிமுகப் படிவத்தை மட்டும் அனுப்பிவிட்டோம். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் மகள் 5 என்று எழுதியிருந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய மாமியாரைப் பற்றியெல்லாம் விளக்க வேண்டி வருமே என்று, அழித்து 4 ஆக்கச் சொன்னேன். என்ன முடிவெடுப்பது என்று தெரியவில்லை.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, பிள்ளையை அனுப்புங்கள். இதே பயத்தை வேறு வேறு ஊரின் பெயரோடு எத்தனையோ தாய்மார் எனக்கு எழுதிவிட்டார்கள். ஜப்பான் நேரம் நமக்கு ஒரு மணி நேரம்தான் முந்தி. இங்கே இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் அங்கே ஒன்பது. நம் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் வெட்கப்படாமல் எழுதிக் கொடுங்கள். ஃபுகுவோகாவில் பேர்போன ஹகாத்தா மீ சூப் பன்றி எலும்பைக் கொதிக்க வைத்து எடுப்பது. காய்கறிச் சூப் என்று வைப்பதில்கூட மீன் சாறு இருக்கலாம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள், இது ஆகும், இது ஆகாது என்று தெளிவாகச் சொன்னால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இனி நான் கேட்கிறேன். அந்த 5-ஐ ஏன் அழித்தீர்கள்?

கடிதத்தில் இதை நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு மற்ற எல்லாம் மறந்துவிட்டது, அந்த வரிதான் நிற்கிறது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தன் வீட்டில் ஐந்து பேர் என்று சரியாக எண்ணியிருக்கிறாள். பெற்ற தாய் பக்கத்தில் நின்று, பாட்டியைக் கழித்து எழுது என்று சொல்லியிருக்கிறீர்கள். அவள் அழிப்பானை எடுத்துத் தேய்த்திருப்பாள், தாளில் கறை மாதிரி ஒன்று நின்றிருக்கும், அதன் மேல் 4 எழுதியிருப்பாள். நீங்கள் அன்று அவளுக்கு என்ன பாடம் நடத்தினீர்கள் என்று யோசித்தீர்களா? வெளிநாட்டுக்காரர் பார்க்கும்போது யாரை மறைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்கு ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலைக்குப் போனால், அடுத்து மறைக்கிற ஆள் நீங்களாக இருக்கலாம்.

விளக்க வேண்டி வரும் என்கிறீர்கள். விளக்குங்களேன்! அதில் என்ன கஷ்டம்? என் அம்மாவும் வெட்டுக்காரர்தான். இருட்டோடு எழுந்து, பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்குவார். வெயில் ஏறினால் பால் ஓடாது, அதனால்தான் அந்த நேரம். பட்டையை மெல்லிசாக, சாய்வாகச் சீவ வேண்டும். கத்தி உள்ளே மரத்தில் பட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும், மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. ஒட்டுப்பால் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. அந்தக் கையால் பிசைந்து கொடுத்த சோற்றைத் தின்று படித்தவள் நான். உங்கள் கணவரும் அப்படித்தானே வளர்ந்திருப்பார்?

ஃபுகுவோகாகாரர்களுக்கு ரப்பர் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஃபுகுவோகா மாநிலத்திலேயே குருமே என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி 1931-இல் தொடங்கியது அங்கேதான். நம் பக்கம் பாருங்கள்: 1877-இல் ஒன்பது கித்தா, அதாவது ரப்பர் கன்றுகள் கொண்டுவந்து நட்ட கோலகங்சார் உங்களுக்குப் பக்கத்து ஊர். இங்கே வெட்டிய பால் உலகமெல்லாம் சக்கரமாக ஓடியது. ஈப்போவும் ஃபுகுவோகாவும் 1989-இல்தான் சகோதர நகரங்களாகக் கைகோத்தன. உங்கள் மாமியார் கையில் கத்தி பிடித்தது அதற்கு முன்னாலேயே இருக்கும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் என்ன உறவு என்று அந்தப் பிள்ளை கேட்டால், உங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொல்லத் தகுந்த ஆள் அவர் ஒருவர்தான்.

இன்னொன்று. அந்த ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளே துடைப்பம் எடுத்து வகுப்பைக் கூட்டுவார்கள், துணியை நனைத்துத் தரை துடைப்பார்கள், மதியச் சாப்பாட்டை வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாறுவார்கள். செப்டம்பர் மாதம் மூன்றாம் திங்கட்கிழமை முதியோரை மதிக்கும் நாள் என்று நாடே விடுமுறை விடும். அங்கிருந்து வருகிற பிள்ளை உங்கள் மாமியாரைப் பார்த்து முகம் சுளிக்கும் என்று யார் சொன்னது? அந்தப் பயம் உங்களுடையது.

மாமியார் வேண்டாம் என்கிறார் என்று குறைபட்டுக்கொள்கிறீர்கள். அவரைக் கணக்கிலேயே சேர்க்காமல், சம்மதம் மட்டும் கேட்டால் எப்படி? படிவத்தில் அழித்தது அவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஒரே வீட்டில் இருக்கிறவருக்கு இதெல்லாம் காதில் விழாமல் போகாது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், படிவத்தில் திருத்தம் இருக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். புதுத் தாள் வாங்கி வந்து மகளிடம் கொடுங்கள், அவளே எழுதட்டும். எத்தனை வருஷம் மரம் வெட்டினார், எந்தத் தோட்டம், ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்று பாட்டியிடம் அவளே கேட்டு எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். அப்புறம் அந்த ஜப்பான் பிள்ளை வரும்போது, பாட்டி வழக்கமாக உட்காரும் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள்.