முத்திரையைக் கடைசியில் பாருங்கள்: ஜப்பான் பீங்கான் கேள்வி-பதில்

கே: தட்டின் அடியில் ‘நிப்பான்’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. வயது என்ன?

முத்திரை அசலானால் 1891–1921. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று 1890ல் சட்டம் போட்டார்கள். ‘நிப்பான்’ என்பது ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர். 1921ல் அது செல்லாது, ‘ஜப்பான்’ என்று போடு என்றார்கள். நூறு வருடத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இலைமாலைக்குள் ‘எம்’, கூடவே ‘ஹேண்ட் பெயின்டட் நிப்பான்’. முத்திரையின் படம் இணைத்துள்ளேன். அசல்தானே?

முத்திரையை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது! போலிக்காரன் முதலில் காப்பியடிப்பதே அதைத்தான். ‘எம்’ என்பது மோரிமுரா என்ற ஜப்பானிய வணிகக் குடும்பம். அவர்கள் 1904ல் நாகோயா பக்கம் தொடங்கிய ஆலைதான் இன்றைய நோரிடாகே பீங்கான் நிறுவனம். அசலில் மாலையின் வாய் மேலே திறந்திருக்கும். ஆரம்பப் போலிகளில் மாலை தலைகீழாகவும், ‘எம்’ இருக்கவேண்டிய இடத்தில் மணல்கடிகாரம் மாதிரி ஒரு உருவமும் இருந்தன. அது பழைய கதை. பின்னால் வந்த போலிகளில் முத்திரையில் குறையே சொல்ல முடியாது.

ஆகவே பொருளைப் பாருங்கள். கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பின்னால் விரலை ஆட்டுங்கள். அசலில் நிழல் தெரியும், போலி தடித்து இருண்டு நிற்கும். அடிவளையத்தில் விரலை ஓட்டுங்கள், போலி சொரசொரக்கும். பழைய கீறல்கள் கண்டபடி கிடக்கும். ஒரே திசையில் வரிசையாக இருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். பிடியிலும் விளிம்பிலும் தங்கம் துளிகூடத் தேயாமல் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். அடியில் பசைத் தடம் இருந்தால், ‘மேட் இன் சைனா’ தாளை யாரோ உரித்திருக்கலாம்.

கே: ‘ஹேண்ட் பெயின்டட்’ என்றால் முழுக்கக் கைவேலையா?

இல்லை. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அச்சு. கோடு அச்சு, வண்ணம் மட்டும் கை என்ற கலப்பும் ஏராளம்.

கே: அடியில் சிவப்பில் இரண்டு எழுத்து. சீனமா?

படத்தைத் தலைகீழாக அனுப்பியிருக்கிறீர்கள். நேராக்கினால் மேலே ‘ஒன்பது’, கீழே ‘பள்ளத்தாக்கு’: குத்தானி, 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஜப்பானியப் பீங்கான் வகை. உங்களுடையதும் அவ்வளவு பழசு என்று கனவு காணாதீர்கள். இதே பெயரை இன்றும் எழுதுகிறார்கள். முத்திரை கடைசியில்தான்.

கே: நீலத்தில் ஆறு எழுத்து. சீனாவின் மிங் வம்ச அரசர் செங்ஹுவா பெயர் என்கிறார்கள்.

பெயர் அவருடையதுதான், ஜாடி ஜப்பானின் பீங்கான் ஊரான அரிட்டாவில் செய்ததாக இருக்கலாம். அரிட்டா குயவர்கள் அதைச் சர்வசாதாரணமாக எழுதினார்கள். அடியில் மூன்று முதல் ஐந்து சின்ன வடுக்கள் இருக்கிறதா? சூளையில் அடித்தளம் தொய்யாமல் முட்டுக்கொடுத்த தடம் அது. இருந்தால் பெரும்பாலும் ஜப்பான்.

கே: வட்டத்துக்குள் கூட்டல் குறி?

ஜப்பானின் சட்சுமா பகுதியை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் சின்னம். சட்சுமா பாணிச் சரக்கு. அது பீங்கானே அல்ல, மண்பாண்டம், வெளிச்சம் ஊடுருவாது. ஆங்கிலத்தில் ‘ராயல் சட்சுமா’ என்றிருந்தால் சீனச் சரக்கு. விட்டுவிடுங்கள்.

கே: ‘ஆக்குபைட் ஜப்பான்’ பொம்மை வாங்கலாமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தபோது, 1947–1952ல் போன ஏற்றுமதிச் சரக்கு. நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு முத்திரையில் தேயுங்கள். அசல் சூளையில் சுட்டது, அசையாது. பிற்பாடு குத்திய போலி கரைந்து வரும். தங்கத்தின் மேல் படவிடாதீர்கள்.

கே: பாட்டி வீட்டு ‘நோரிடாகே ஸ்ரீலங்கா’ தட்டுகள், பன்னிரண்டு. என்ன விலை போகும்?

மாத்தளை ஆலையில் செய்தது, 1970களுக்குப் பிந்தியது. அசல் நோரிடாகேதான், ஆனால் பழம்பொருள் அல்ல. சோறு போட்டுச் சாப்பிடுங்கள். தங்க விளிம்பு இருந்தால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள்.