சண்டை போட்டவங்களே சேர்ந்து ஆளலாமா?

கேள்வி: தேர்தல்ல தில்லுமுல்லுன்னு அடிச்சுக்கிட்டவங்களே கடைசியில ஒண்ணா ஆட்சியில உட்கார்றது மக்களை ஏமாத்துற வேலைதானே சார்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: எனக்கும் முதல்ல அந்தக் கோவம்தாங்க இருந்துச்சு, ஆனா ஆப்பிரிக்காவுல இருக்கிற கென்யாவப் பாருங்க, 2007 டிசம்பர் தேர்தல்ல அப்போ அதிபரா இருந்த கிபாக்கியே ஜெயிச்சதா அறிவிச்சாங்க, எதிர்த்து நின்ன ஒடிங்கா ஒத்துக்கல, கலவரத்துல ஆயிரம் பேருக்கு மேல செத்து லட்சக்கணக்கானவங்க வீட்டை விட்டு ஓடுனாங்க. ஐ.நா.வோட முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வாரக்கணக்கா பேசி 2008 பிப்ரவரி 28ல சேர்ந்து ஆளுறதா ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்குனார், கிபாக்கி அதிபர், ஒடிங்கா பிரதமர். அதுக்குன்னு மந்திரிங்களே 40 பேர் கிட்ட, புதுச்சேரியில நாம தேர்ந்தெடுக்கிற எம்.எல்.ஏ.வே 30 பேர்தான், அத்தனை மந்திரிங்க ரொம்ப தப்பு. ஆனா சாவு நின்னுச்சு, 2010ல புது அரசியலமைப்புச் சட்டமும் வந்துச்சு. செத்தவங்க குடும்பத்துக்கு நியாயம் கிடைக்கலையேன்னுதான் எனக்கு மனசு ஆறல.