பழைய கேம் கியரில் படம் தெளிவாக வருகிறது, ஒலி மட்டும் வருவதில்லை: ஸ்பீக்கரை மாற்றினால் சரியாகிவிடுமா?

சேகா நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கருவியான உங்கள் கேம் கியரில் படம் நன்றாகத் தெரிகிறது, ஸ்பீக்கரில் ஒலி ஏறக்குறைய இல்லை, இயர்போனைச் செருகினால் மெல்லிய கீச்சொலி மட்டும் கேட்கிறது, ஒலிச் சக்கரத்தைத் திருப்பினால் கரகரவென்று இரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீக்கரை இப்போதைக்கு வாங்க வேண்டாம். இயர்போனின் பின் (செருகுமுனை) ஜாக்கினுள் நுழைந்ததும் ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அந்த நிலையிலும் ஒலி குன்றியே இருக்கிறதென்றால், பழுது இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை கேம் கியரில் ஒரு சிறிய தனிப் பலகையின் வழியாகச் செல்கிறது. ஒலியைப் பெருக்கும் சில்லையும், அதைச் சுற்றி, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் உறுப்புகளான உருளை வடிவக் கெபாசிட்டர்கள் சிலவற்றையும் அதில் காண்பீர்கள். அந்தக் கெபாசிட்டர்கள்தான் என் முதல் சந்தேகம். நான் பழுதுபார்த்த கேம் கியர்களில் நீங்கள் சொல்லும் இதே அறிகுறிகளுடன் வந்தவை கெபாசிட்டர்களை மாற்றியதும் தேறின.

இந்தக் கருவி ஜப்பானில் 1990-இல் வெளிவந்தது. பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சிறிய அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் பரவலாகிக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில் தயாரான பலவற்றின் உள்ளே இருந்த திரவம், எதிர்முனைப் பக்கத்தில் காலப்போக்கில் காரத்தன்மை கொண்டு, அடியில் உள்ள ரப்பர் அடைப்பை அரித்து வெளியே கசிந்தது. அதே தலைமுறை வீடியோ கேமராக்களிலும் கணினிகளிலும் இதே கசிவைக் காணலாம்; ஆகவே இதைக் கேம் கியருக்கு மட்டும் உரிய குறை என்று நான் கருதவில்லை. கசிந்த திரவம் இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது: கெபாசிட்டரின் கொள்ளளவு வற்றிப்போகிறது; வெளியே வழிந்த திரவம் பலகையின் செம்புத் தடங்களை அரிக்கிறது.

ஒலி ஏன் முழுவதும் நின்றுவிடாமல் கீச்சொலியாகிறது என்பதைச் சின்னக் கணக்கு ஒன்றால் புரிந்துகொள்ளலாம். பெருக்கிக்கும் 8 ஓம் ஸ்பீக்கருக்கும் இடையில் 100 மைக்ரோஃபாரட் (கொள்ளளவின் அலகு) கெபாசிட்டர் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளைத் தாராளமாக விடும், அதற்குக் கீழே உள்ளவற்றைப் படிப்படியாகத் தடுக்கும். அதன் கொள்ளளவு வற்றி 10 மைக்ரோஃபாரடுக்கு இறங்கினால் அந்த எல்லை சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். விளையாட்டு இசையின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் இருக்கிறது என்பதால் மெட்டு மறைந்து, உச்ச ஒலிகளின் ஓரம் மட்டும் காதில் விழுகிறது. நீங்கள் கேட்கும் கீச்சொலி இதுவாகவே இருக்க வேண்டும்.

திறப்பதற்கு முன் ஆறு புதிய ஏஏ பேட்டரிகளைப் போட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு இயர்போன் பின்னை ஜாக்கில் பலமுறை செருகி எடுங்கள். ஸ்பீக்கரில் மட்டும் ஒலி இல்லாமல் இயர்போனில் முழுமையாகக் கேட்கும் கருவிகளில், ஜாக்கினுள் இருக்கும் சிறிய உலோகத் தகடு கறுத்துப்போய், பின்னை எடுத்த பிறகும் மீண்டும் தொடாமல் நிற்பதே பெரும்பாலும் காரணம். உங்களுடையது அந்த வகை அன்று என்றாலும், இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை.

திறக்கும்போது பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். சில கருவிகளில் ஒரு திருகுக்கு மட்டும் 4.5 மி.மீ. சிறப்புத் தலைத் திருப்புளி தேவைப்படும். இரு பாதிகளுக்கும் இடையில் கம்பிகள் ஓடுவதால் அவற்றை வெடுக்கென்று பிரிக்கக் கூடாது. புத்தகத்தைப் போல மெல்ல விரித்து, இணைப்பிகளைப் படம் எடுத்துக்கொண்ட பிறகே கழற்றுங்கள். திரைக்குப் பின்னால் இருப்பது ஒளிர்குழல் விளக்கு. அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் செல்வதால், திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது முதன்மைப் பலகையின் அந்தப் பகுதியில் விரல் படவே கூடாது.

ஒலிப் பலகையைக் கையில் எடுத்ததும் கெபாசிட்டர்களின் அடிப்பகுதியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். உறுப்புகளைப் பலகையோடு பற்றவைத்திருக்கும் உலோகக் கலவையான சாலிடர் நல்ல நிலையில் பளபளக்கும். கசிவு பட்ட சாலிடர் சாம்பல் பூத்து மங்கியிருக்கும், சுற்றிலும் பழுப்பு நிறப் பிசுக்கு படிந்திருக்கும், செம்புத் தடத்தின் மேலுள்ள பச்சைப் பூச்சு சில இடங்களில் கறுத்தும் இருக்கும். சாலிடரிங் அயர்னை வைத்ததும் மீன் வாடை எழுந்தால் கசிவு உறுதி. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பதற்காக அவை நலமாக இருக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள், ஏனென்றால் கசிவு பெரும்பாலும் கெபாசிட்டரின் அடியிலேயே தேங்கி நிற்கும்.

கழற்றும் வேலையில்தான் பலகைகள் பாழாகின்றன, ஆகவே இதில் நிதானம் வேண்டும். கெபாசிட்டரை இடுக்கியால் பிடித்துத் திருகி எடுக்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அரிக்கப்பட்ட பலகையில் அதை நான் செய்யமாட்டேன், ஏனெனில் கெபாசிட்டரின் கால் பற்றவைக்கப்பட்டிருக்கும் செம்புத் திட்டு ஏற்கெனவே பிடிமானம் இழந்திருக்கும், கெபாசிட்டரோடு சேர்ந்து அதுவும் உரிந்து வந்துவிடும். இரு கால்களிலும் முதலில் ஃபிளக்ஸ் (சாலிடர் நன்கு உருகி ஒட்ட உதவும் பசை) தடவி, புதிய சாலிடரைத் தாராளமாகச் சேருங்கள். கசிவு படிந்த பழைய சாலிடர் எளிதில் உருகாது. புதியது அதனோடு கலந்த பிறகுதான் இளகும். பின்னர் ஒரு காலையும் மறு காலையும் மாறி மாறிச் சூடாக்க வேண்டும். கெபாசிட்டர் தானாக நகரத் தொடங்கியதும் பக்கவாட்டில் தள்ளுங்கள், மேலே இழுக்காதீர்கள். வெப்பக்காற்றுக் கருவியை இந்த உருளைகள் மீது நேராகப் பிடித்தால் அவை வெடித்துத் திரவத்தைத் தெறிக்கக்கூடும். அக்காலச் சாலிடரில் ஈயம் இருப்பதால் காற்றோட்டமான இடத்தில் செய்து, முடித்ததும் கைகளைக் கழுவுங்கள்.

கழற்றியபின் மீந்த சாலிடரைச் செம்புப் பின்னலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் அந்த இடத்தைத் தேயுங்கள். பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்த்து, அதில் பழுப்பு நிறம் ஏறுவது நிற்கும் வரை தொடருங்கள். புதிய கெபாசிட்டரை அழுக்கின் மேலேயே வைத்தால் அடியில் அரிப்பு தொடரும், கொஞ்ச காலத்தில் ஒலி மறுபடியும் போய்விடும். துடைத்த பிறகு ஒவ்வொரு திட்டிலிருந்தும் அது சென்று சேரும் இடம் வரை மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டரில் தொடர்ச்சியை, அதாவது மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்பதை, சோதியுங்கள். தடம் அறுந்திருந்தால் பச்சைப் பூச்சைச் சற்றே சுரண்டிச் செம்பை வெளிப்படுத்தி, மெல்லிய கம்பியால் பாலம் போட்டுவிடலாம்.

புதியவற்றை வாங்கும்போது பழையதன் தலையில் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே பின்பற்றுங்கள். வோல்ட் அளவு அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. எந்த இடத்தில் எது இருந்தது, எந்தத் திசையில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே படமெடுத்து வைத்திருக்க வேண்டும். அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் வகையில் கறுப்புப் பட்டை எதிர்முனையைக் குறிக்கிறது. டான்டலம் என்ற உலோகத்தால் செய்த வகையில் பட்டை நேர்முனையைக் குறிக்கிறது. ஒன்றுக்குப் பழகிய கண் மற்றதைத் தலைகீழாக வைத்துவிடும், தலைகீழாக வைத்த டான்டலம் புகைந்து எரியவும் கூடும். பீங்கான் வகைக்குத் திசை கிடையாது, கசிவும் கிடையாது. ஆனால் மின்னழுத்தம் ஏறும்போது அதன் கொள்ளளவு கணிசமாகக் குறையும் என்பதால் ஒலிப் பாதையில் நான் எலக்ட்ரோலிட்டிக் வகையையே வைக்கிறேன்.

ஒலிச் சக்கரத்தின் கரகரப்பு பெரும்பாலும் தனிப் பழுது. அதன் உள்ளே கரிப் பூச்சுள்ள ஒரு வளையத்தின் மேல் உலோக விரல் ஒன்று ஊர்கிறது. அங்கே தூசியும் கறையும் சேர்ந்ததால்தான் திருப்பும்போது இரைகிறது. மின்தொடர்பு துப்புரவுத் திரவத்தைச் சில துளிகள் விட்டு, சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பலமுறை திருப்பி, நன்கு உலரவிடுங்கள். துருப்பிடித்த திருகுகளுக்கு அடிக்கும் எண்ணெய்த் தெளிப்பானை இங்கே பயன்படுத்தாதீர்கள், அதன் பிசுக்கு தூசியை மேலும் இழுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி வராவிட்டால், அது எந்த இடம் வரை வருகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். தனியாக மின்சாரம் பெறும் சிறிய பெருக்கி ஒன்றின் உள்ளீட்டுக் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைத் தொடராகப் பற்றவைத்து அதன் நுனியை ஆய்வு முனையாக்குங்கள். மற்றக் கம்பியைக் கேம் கியரின் தரை இணைப்பில் மாட்டுங்கள். விளையாட்டு ஓடும்போது பெருக்கிச் சில்லின் உள்ளீட்டுக் காலைத் தொட்டால் இசை கேட்டு, வெளியீட்டுக் காலில் கேட்காவிட்டால், சில்லையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள். வெளியீட்டில் கேட்டு, கெபாசிட்டருக்கு அப்பால் கேட்காவிட்டால், அந்தக் கெபாசிட்டரோ தடமோ அறுந்திருக்கிறது. ஸ்பீக்கர் வரை இசை வருகிறது, ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லை என்றால் அப்போது அதன் ஒரு கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள்: 8 ஓம் என்று குறித்திருக்கும் ஸ்பீக்கர் அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் நலம், எதுவும் காட்டாவிட்டால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது. புது ஸ்பீக்கர் வாங்கும் முடிவை அந்த நிலையில் எடுத்தால் போதும்.

இதே கேள்வி நின்டெண்டோ நிறுவனத்தின் கையடக்கக் கருவியான, 1989-இல் வந்த கேம் பாயைப் பற்றியதாக இருந்தால் என் பதிலின் வரிசையே வேறாக இருந்திருக்கும். அதில் நான் முதலில் பார்ப்பது ஒலிச் சக்கரம், இயர்போன் ஜாக், பேட்டரி கசிந்து அரித்த தொடர்புகள் ஆகியவற்றை. கெபாசிட்டர்களைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

ஒலி திரும்பியதும் கருவியை மூடிவிட உங்களுக்கு ஆசையாக இருக்கும். முதன்மைப் பலகையிலும் மின்வழங்கிப் பலகையிலும் இருப்பவை அதே வயதுடைய கெபாசிட்டர்கள் என்பதால், இப்போது தெளிவாக இருக்கும் படமும் நாளடைவில் மங்கக்கூடும்; மின்வழங்கிப் பலகையிலிருந்து வரும் 5 வோல்ட் நிலையாக இல்லாவிட்டால் சரிசெய்த ஒலியிலும் இரைச்சல் புகும். கருவி திறந்திருக்கும்போதே அந்த இரண்டு பலகைகளின் கெபாசிட்டர்களையும் மாற்றிவிடுங்கள். மூன்று பலகைகளையும் ஒரே நாளில் செய்யாமல், ஒவ்வொரு பலகையையும் முடித்தவுடன் இயக்கிப் பாருங்கள். புதிதாக ஏதேனும் கோளாறு முளைத்தால் அது எந்தப் பலகையில் என்று தேட வேண்டியிருக்காது.