மணி கிடந்த இடம்

அன்புள்ள ஐயா,

கொடுமணலுக்குப் பக்கத்து ஊர் எனக்கு. அகழாய்வு நடந்தபோதெல்லாம் சூதுபவள மணி, எழுத்துப் பொறித்த பானை ஓடு என்று படத்தோடு செய்தி வந்தது. குழியை மூடிய காட்டில் மறுபடி சோளமும் விதைத்தாயிற்று. நீங்களோ அகழாய்வு அறிக்கை வெளிவரவேண்டும் என்று ஓயாமல் எழுதுகிறீர்கள். கிடைத்ததைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டோமே, அதற்கு மேல் அறிக்கையில் என்ன இருக்கிறது? மழை ஓய்ந்தபின் பொறுக்கிய மணிகள் என்னிடமே ஒரு டப்பா இருக்கின்றன.

வாசகர், சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

செய்தி மணியைக் காட்டும். அது எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதை அறிக்கைதான் சொல்லும்.

பழனிக்குப் பக்கம் பொருந்தலில் ஓர் ஈமக்குழியில் சாடி நிறைய நெல் கிடைத்தது. அதே குழியில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பிரிமனையும் (பானையைத் தாங்கும் வளையம்) இருந்தது. அந்த நெல்லை, கரிமத்தை அளந்து வயதைச் சொல்லும் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள், கி.மு. 490 என்று வந்தது. இரண்டும் ஒரே குழியில் கிடந்தன என்ற பதிவு இருந்ததால்தான் அந்த எழுத்தின் வயதைப் பேச முடிந்தது. ஒப்பாதவர்களும் அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டுதான் வாதாட வேண்டும்.

ஏர் ஓட்டினால் மேல்மண் மட்டும் கலையும். அகழாய்விலோ மனிதர் கைபடாத கன்னிமண் வரை அடுக்கடுக்காகக் கலைத்து எடுத்துவிடுகிறோம். அந்த இடத்தை இன்னொரு முறை தோண்ட முடியாது. எஞ்சுவது குறிப்பேடும் வரைபடமும்தான். தோண்டியவர் மாற்றலாகிப் போய், ஓய்வும் பெற்றுவிட்டால், அவர் குறிப்பை வேறு யார் முழுதாகப் புரிந்துகொள்வது? தாமதத்தின் மேல் எனக்குள்ள கோபமெல்லாம் இதனால்தான்.

புதுச்சேரிக்குப் பக்கம் அரிக்கமேட்டில் 1945இல் தோண்டிய தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1946இல் அறிக்கையை அச்சில் கொண்டுவந்துவிட்டார். கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை 2014இல் தொடங்கிய பணிக்கு, 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில்தான் துறையிடம் தரப்பட்டது. 2025இல் திருத்தித் தரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். காடு கொடுத்த விவசாயி அதுவரை எதைப் படித்துத் தெரிந்துகொள்வார்? அறிக்கை வரும்போது தமிழிலும் வரவேண்டும், அந்த ஊர் நூலகத்தில் ஒரு படி இருக்கவேண்டும்.

உங்கள் டப்பாவுக்கு வருகிறேன். எந்த மணி எந்தக் காட்டில், எந்த வரப்போரம், எந்த மழைக்குப் பின் கிடைத்தது என்று நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஈரோடு அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

அன்புடன்