மோவாப் போனால் குழந்தைகளோடு புரூபப்பில் சாப்பிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: யூட்டா மாநிலத்தின் மோவாப் ஊருக்குக் கோடை விடுமுறையில் போகிறோம், ஏழு வயதுப் பையனும் அம்மா அப்பாவும் கூட வருகிறார்கள், அங்கே இருக்கும் புரூபப்புக்கு, அதாவது பியர் காய்ச்சும் உணவகத்துக்கு, குடும்பமாகப் போவது சரியா, சைவம் கிடைக்குமா?

தாராளமாகப் போகலாம். நாங்கள் டென்வரில் இருக்கிறோம். மோவாபுக்கு ஆறு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். இரண்டு தடவை போயிருக்கிறோம். இரண்டாவது தடவை என் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். அந்தப் பயணத்தை வைத்தே சொல்கிறேன்.

மெயின் ஸ்ட்ரீட்டின் தென்பகுதியில் மோவாப் புரூவரி என்ற புரூபப் இருக்கிறது. 1996 முதல் நடக்கும் இடம். காரை நிறுத்தியதும் பெயர்ப்பலகையைப் பார்த்த அத்தை இறங்கவே இல்லை. "ஏம்மா, இது சாராயக் கடை இல்லையா? பிள்ளைங்கள இங்கயா கூட்டிட்டு வருவாங்க?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார் என்றதும் நம் ஊர்க்காரர்கள் கண்முன் வருவது டாஸ்மாக்கை ஒட்டிய இருட்டுக் கொட்டகைதான். பெண்களும் குழந்தைகளும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டோம். புரூபப் அந்த வகை இல்லை. சொந்தமாக பியர் காய்ச்சுகிற சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் உயர நாற்காலியில் கைக்குழந்தை, பக்கத்து மேசையில் தாத்தா பாட்டி, கணுக்கால் வரை செம்மண் அப்பிய சைக்கிள்காரர்கள். பகலெல்லாம் பாறையிலும் ஆற்றிலும் கிடந்தவர்கள் சாயங்காலம் பசியோடு வந்து சேரும் இடம். அத்தை ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பந்தி மாதிரில்ல இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் தயங்கவில்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான். மதுவைப் பொறுத்தவரை அமெரிக்காவிலேயே கெடுபிடி அதிகமான மாநிலங்களில் யூட்டா ஒன்று. உணவகத்துக்கு ஓர் உரிமம், பாருக்கு வேறோர் உரிமம். எது எந்த உரிமத்தில் நடக்கிறது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உணவகம் என்றால் பிள்ளைகளோடு உள்ளே போகலாம். பார் என்றால் 21 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. கேட்டுவிட்டுப் போங்கள், வேறு குழப்பமே வராது. உணவகத்தில் சாப்பாடு சொல்லாமல் பியர் மட்டும் வாங்க முடியாது. குழாயில் பிடித்துத் தரும் பியரில் ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2019 நவம்பர் வரை 4 சதவீதம்தான் அனுமதி. அதனால்தானோ என்னவோ, நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் குரலை உயர்த்தியதைக் கேட்கவில்லை.

வீட்டில் யாராவது பியர் குடிப்பதாக இருந்தால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை நம்பிப் போக வேண்டாம். குடித்தவர் கார் ஓட்டவே கூடாது. மற்ற மாநிலங்களில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வரை விடுவார்கள், யூட்டாவில் 2018 கடைசியிலிருந்து 0.05தான் எல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மோவாபில் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் தண்ணீர் குடியுங்கள். இது வறண்ட பாலைவனம். கோடையில் வெயில் சர்வசாதாரணமாக 38 டிகிரியைத் தாண்டும். சென்னை வெயில் பழகியவர்கள்தானே என்று நானும் நினைத்தேன். சென்னையில் வேர்வை சட்டையை நனைக்கும், உடம்பில் நீர் குறைவது நமக்கே தெரியும். இங்கே காற்றில் ஈரம் இல்லாததால் வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது, வேர்க்கவே இல்லை என்று தோன்றும். நாங்கள் அன்று காலை ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவு வரை ஏறியிருந்தோம். போய்வர 3 மைல்தான். ஆனால் வெறும் பாறைச் சரிவு, நிழல் என்பதே கிடையாது, வழியில் தண்ணீரும் கிடைக்காது. சாயங்காலம் மேசையில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன், மகனின் நீலத் தொப்பியைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்பு. முகம் சிவந்து, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான். பரிமாறும் பெண் அவனை ஒருமுறை பார்த்தார், மெனுவைத் தரும் முன்பே ஐஸ் போட்ட தண்ணீரை ஒரு பெரிய ஜாடியில் கொண்டுவந்து வைத்தார். மூன்று டம்ளர் குடித்து, உப்புப் போட்ட உருளைக்கிழங்கு வறுவலில் பாதித் தட்டைக் காலி செய்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று பூங்காக்காரர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள், நடுவில் உப்புள்ளது ஏதாவது கொறிக்கவும் கொடுங்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து தாகத்துக்கு பியர் குடிப்பது பெரியவர்களுக்கும் ஆகாது, உடம்பு இன்னும் காயும். தண்ணீரும் சாப்பாடும் முடிந்த பிறகு ஒரு கிளாஸ் என்றால் சரி.

சைவம் கிடைக்கும், ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். காய்கறி பர்கர், சாலட், பாஸ்தா இப்படி ஏதாவது இருக்கும். சூப் கோழி எலும்பு வேகவைத்த நீரில் செய்ததா, வறுவலை மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுகிறார்களா என்று கேளுங்கள், முகம் சுளிக்காமல் சமையல்காரரிடம் விசாரித்து வந்து சொல்வார்கள். புரூபப்பில் இன்னொன்றும் உண்டு: மீனைத் தோய்க்கும் மாவிலும் சீஸ் சூப்பிலும் பியரையே ஊற்றுவார்கள். வேண்டாம் என்பவர்கள் அதையும் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். மோவாப் புரூவரியில் ஜெலாட்டோ என்ற இத்தாலிய ஐஸ்கிரீமும் தாங்களே செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு அதற்காக வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். ஜூலையில் சூரியன் மறைய எட்டரை மணி தாண்டும், அதற்குச் சற்று முன்பிருந்தே ஊர் மொத்தமும் பாறைகளிலிருந்து இறங்கி வரும். அப்போது மேசைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், களைத்த பிள்ளைகளோடு அது பெரும்பாடு. பில் தொகைக்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம்.

ரூட் பியர் என்று பார்த்துப் பயப்படாதீர்கள், அதில் ஆல்கஹால் இல்லை. வேர், பட்டை மணம் சேர்த்த சோடா, அவ்வளவுதான். என் மகள் கேட்டதும் அத்தைக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. நான் குடித்துக் காட்டினேன். பிறகு அவரே டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்து, ஒரு மடக்குக் குடித்து, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். "நன்னாரி சர்பத்துடி இது" என்றார். மணம் அவ்வளவு ஒத்துப்போகிறது. பழைய நாட்களில் இதில் சேர்த்த வேர்களில் சர்சபரில்லாவும் ஒன்று. நம் நன்னாரிக்கு ஆங்கிலத்தில் இந்தியச் சர்சபரில்லா என்றே பெயர். மதுரையில் தன் அப்பா எலுமிச்சை பிழிந்து கலக்கித் தரும் சர்பத்தைப் பற்றிப் பேத்தியிடம் சொல்லிக்கொண்டே அந்த டம்ளரை அவரே முடித்துவிட்டார். மகளுக்கு இன்னொன்று சொன்னோம்.