அந்த ஐபியை எப்போது விடுவிப்பது?

பெங்களூரில் சர்வர் பார்த்துக்கொள்ளும் தமிழ் நண்பர்களிடம், ஃபயர்வாலில் (சர்வருக்கு வரும் போக்குவரத்தை வடிகட்டும் காவல்) ஐபி முகவரியைத் தடுப்பது பற்றி எந்தக் கேள்வி இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி "எப்படித் தடுப்பது?" மீதி "தடுத்ததால் இப்படி ஆகிவிட்டது, என்ன செய்ய?" இரண்டாவது வகைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஏரியா மட்டும் போட்டிருக்கிறேன்.

கே.ஆர்.புரம்: அக்கா, பழைய அட்மின் ஐபிடேபிள்ஸ்ல முப்பதாயிரம் டிராப் ரூல் போட்டு வச்சிட்டுப் போயிட்டார். சர்வர் ரொம்ப மந்தம். எல்லாத்தையும் அழிச்சிடலாமா?

கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். அதற்காக இப்படியே விடவும் கூடாது. லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ், வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (தரவுத் துண்டு) ரூல்களை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வரும். தடுக்கப்பட்ட ஐபியின் பாக்கெட் தன் வரி வந்ததும் அங்கேயே விழுந்துவிடும். உங்கள் வாடிக்கையாளரின் பாக்கெட் எந்த வரியிலும் பொருந்தாது, அதனால் அதுதான் முப்பதாயிரம் வரியையும் கடந்து வர வேண்டியிருக்கிறது. திருடனுக்குப் போட்ட வேலியில் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்கிற கதை இது. ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளை அனுமதிக்கும் ரூல் முதலில் இருந்தால், புது இணைப்பின் முதல் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இந்தப் பாடு. அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, முகவரிகளைத் தொகுப்பாக வைக்கும் ஐபிசெட் கருவிக்கு மாறுங்கள். முகவரிகள் எல்லாம் ஒரே தொகுப்பில் போகும், ரூல் ஒன்றே ஒன்று. வரிசையாகப் பார்க்காமல் நேராக இடத்தைக் கணக்கிட்டுப் போகும் ஹாஷ் முறையில் தேடுவதால் நூறு முகவரி இருந்தாலும் ஐம்பதாயிரம் இருந்தாலும் தேடும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். புது சர்வர் என்றால் ஐபிடேபிள்ஸுக்குப் பதிலாக வந்த என்எஃப்டேபிள்ஸையே நேராக எடுத்துக்கொள்ளலாம். 2014இல் லினக்ஸ் 3.13 கர்னலோடு வந்தது, தொகுப்பு வசதி அதற்குள்ளேயே இருக்கிறது.

மாற்றும்போது மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஐபிசெட் தொகுப்பில் இயல்பாக 65,536 முகவரிதான் கொள்ளும், அதற்கு மேல் போகும் என்றால் உருவாக்கும்போதே மேக்ஸ்எலம் அளவை உயர்த்திவிட வேண்டும். ஒரு முகவரிக்கு டைம்அவுட் (தடை தானாக நீங்கும் காலம்) கொடுத்தால் அதிகபட்சம் 24 நாளும் சில மணி நேரமும்தான் கொடுக்க முடியும். மூன்றாவதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது: தொகுப்பு மெமரியில் மட்டும் இருக்கிறது, ரீபூட் ஆனால் போய்விடும். பூட் ஆகும்போது ஐபிசெட் முதலில் ஏற வேண்டும், பிறகுதான் ஐபிடேபிள்ஸ். முறை மாறினால் "அப்படி ஒரு தொகுப்பே இல்லை" என்று ரூல்களை ஏற்றும் வேலையே தோற்றுப்போகும், சர்வர் கதவைத் திறந்து போட்டபடி எழுந்து நிற்கும்.

இனி அந்த முப்பதாயிரம். எண்ணிக்கையோடு ரூல்களைப் பட்டியலிட்டால் ஒவ்வொரு வரியிலும் எத்தனை பாக்கெட் விழுந்தது என்று காட்டும். பூஜ்யமாக இருப்பவற்றை எடுத்துவிடுங்கள். மீதியை ஏழு நாள் டைம்அவுட்டோடு புதுத் தொகுப்பில் போடுங்கள். இன்னும் தாக்குகிறவன் எப்படியும் திரும்ப மாட்டுவான்.

கோரமங்கலா: எங்க ஆர்டர் பக்கம் ஆபீஸ் வைஃபைல திறக்குது. கஸ்டமர் போன்ல திறக்கலன்னு சொல்றாங்க, எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு மட்டும். முந்தின நாள் ஒரே ஒரு ஐபியைத்தான் பிளாக் பண்ணினேன்.

அந்த ஒரே ஒரு ஐபிதான் காரணமாக இருக்கும். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு மருத்துவமனையின் அப்பாயின்ட்மென்ட் தளம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு ராத்திரி ஒரே முகவரியிலிருந்து லாகின் பக்கத்துக்கு விடாமல் தப்பான பாஸ்வேர்டு வந்துகொண்டிருந்தது. அது யாருடைய முகவரி என்று ஹூஇஸ் பார்க்காமல் நிரந்தரத் தடை போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலை ஏழரைக்கு ரிசப்ஷன் அம்மாவிடமிருந்து போன்: "மேடம், இங்க கம்ப்யூட்டர்ல நல்லா வருது. வாசல்ல நிக்கிறவங்க போன்லதான் சுத்திக்கிட்டே இருக்கு." டோக்கன் எடுக்க முடியாமல் நின்றவர்களில் டயாலிசிஸுக்கு வந்த ஒரு பெரியவரும் இருந்தார். நான் தடுத்தது ஒரு மொபைல் நிறுவனத்தின் வெளிவாசல்.

ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்களை வைத்திருக்கின்றன. சிஜிநாட் என்பது இதுதான். 100.64.0.0/10 என்ற தொகுதியை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். வெளியில் இருக்கும் நமக்கு ஒரு முகவரிதான் தெரியும், அதற்குப் பின்னால் ஒரு தெருவே இருக்கலாம்.

அதனால் ஹூஇஸ் பார்க்காமல் கைவைக்காதீர்கள். மொபைல் நிறுவனம் என்று வந்தால் தடை பத்து நிமிடமோ அரை மணியோ போதும். கூடவே கணக்கு அளவில் கட்டுப்பாடு வையுங்கள்: ஒரு யூசர் பெயருக்கு இத்தனை முயற்சிதான், அதற்கு மேல் கேப்ட்சா. வாடகை சர்வரிலிருந்து வருகிறவனுக்கு நீண்ட தடை போட்டால் எனக்கு வருத்தமில்லை.

மாரத்தஹள்ளி: யுஎஃப்டபிள்யூல டினை போட்டும் டாக்கர் கன்டெய்னருக்கு அதே ஐபி வந்துட்டே இருக்கு. பக்கா?

பக் இல்லை தம்பி. செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கர், போர்ட்டை வெளியே திறக்கும்போது தன் சொந்த ரூல்களைப் போட்டுக்கொள்கிறது. அந்தப் பாக்கெட் சர்வருக்குள் நுழையும் இன்புட் வழியில் வருவதில்லை, ஃபார்வர்டு வழியில் கன்டெய்னருக்குத் திரும்பிவிடுகிறது. ஐபிடேபிள்ஸை எளிதாகக் கையாள உதவும் யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் போட்ட தடை முன்வாசலில் நிற்கிறது, ஆள் பக்கவாட்டுச் சந்தில் போகிறான். டாக்கர்-யூசர் என்ற செயின் (ரூல்களின் வரிசை) இதற்காகவே இருக்கிறது, தடையை அங்கே போடுங்கள். கன்டெய்னருக்கு முன்னால் அதே சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருக்கிறது என்றால் இன்னும் எளிது: போர்ட்டை 127.0.0.1இல் மட்டும் திறந்து வையுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: தடை போட்ட பிறகும் அவன் செஷன் ஓடிட்டே இருக்கே?

பழைய இணைப்பு. நிலைபெற்றவற்றை அனுமதிக்கும் ரூல் உங்கள் தடைக்கு மேலே இருக்கிறது. இணைப்புகளின் பதிவேட்டைக் கையாளும் கான்டிராக் கருவியால் அந்த முகவரியின் பதிவுகளை அழித்துவிடுங்கள், அப்போதே அறுந்துவிடும்.

சிக்பேட் (மொத்த ஜவுளித் தளம்): கிளவுட்ஃப்ளேர் போட்ட மறுநாளே ஃபெயில்2பேன் எங்க சைட்டையே படுக்க வச்சிடுச்சு மேடம்.

கிளவுட்ஃப்ளேர் தளத்துக்கு முன்னால் நின்று வருகைகளை வாங்கி அனுப்பும் சேவை. அது நடுவில் வந்ததும் உங்கள் லாகில் (பதிவேட்டில்) எல்லா வருகையும் அவர்கள் முகவரியிலிருந்து வந்ததாகப் பதிவாகும். லாகைப் பார்த்துத் தவறு செய்யும் முகவரிகளைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்2பேன் அதைத் தாக்குதல்காரன் என்று நினைத்துத் தடுத்தது, வாடிக்கையாளர்களும் சேர்ந்து வெளியே போனார்கள். என்ஜின்எக்ஸில், வருகையாளரின் உண்மையான முகவரியை ஹெடரிலிருந்து (கோரிக்கையோடு வரும் குறிப்பு) எடுத்துத் தரும் ரியல்ஐபி மாட்யூலை இயக்கி, கிளவுட்ஃப்ளேர் வெளியிட்டிருக்கும் முகவரித் தொகுதிகளை மட்டும் நம்பச் சொல்லுங்கள். வேறு யார் அனுப்பும் ஹெடரையும் நம்பக் கூடாது, யார் வேண்டுமானாலும் அதில் எந்த முகவரியையும் எழுதி அனுப்பலாம்.

லாக் சரியானாலும் வேலை முடியவில்லை. ஃபயர்வாலுக்கு வரும் பாக்கெட்டில் இருப்பது இன்னமும் கிளவுட்ஃப்ளேர் முகவரிதான், அதனால் உண்மையான முகவரியை ஐபிடேபிள்ஸில் தடுத்துப் பயனில்லை. தடையை கிளவுட்ஃப்ளேர் பக்கம் போட வேண்டும். ஃபெயில்2பேனில் அதற்கான ஆக்‌ஷன் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டு: என்னையே நான் வெளியே தள்ளிப் பூட்டிக்கிட்டேன். இனிமே இப்படி நடக்காம இருக்க என்ன வழி?

கைவைப்பதற்கு முன் திரும்பி வரும் வழியைப் போட்டு வையுங்கள். ரூல்களைச் சேமித்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அந்தப் பழைய ரூல்களைத் தானாக ஏற்றும்படி அட் கமாண்டில் ஒரு வேலை வைத்துவிட்டு மாற்றம் செய்யுங்கள். பிறகு இருக்கும் செஷனை மூடாமல் இன்னொரு டெர்மினலில் புதிதாக எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) செய்து பாருங்கள். உள்ளே போக முடிந்தால் அந்த வேலையை ரத்து செய்யலாம். முடியவில்லை என்றால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், கதவு திறந்திருக்கும். ஆபீஸின் நிலையான முகவரியை ஃபெயில்2பேனின் இக்னோர்ஐபி (தடுக்கக் கூடாத முகவரிகள்) வரியில் சேர்த்துவிடுங்கள். அதையும் ஜெயில்.லோக்கல் கோப்பில் எழுதுங்கள், ஜெயில்.கான்ஃப் கோப்பில் எழுதினால் அப்டேட் வரும்போது அடித்துக்கொண்டு போய்விடலாம்.

இந்திராநகர்: இந்தியாவைத் தவிர மத்த நாடெல்லாம் பிளாக் பண்ணிட்டா நிம்மதிதானே?

எஸ்எஸ்எச் போர்ட்டுக்கு என்றால் செய்யுங்கள், நல்லதுதான். பொது இணையதளத்துக்கு வேண்டாம். கூகுளின் தேடல் ரோபோ பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்து வருகிறது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஆர்டர் போடும் மகனும் வெளியே நிற்பார். தாக்குகிறவனோ மும்பையில் ஒரு கிளவுட் சர்வர் எடுத்துக்கொண்டு இந்திய முகவரியோடு வருவான்.

ஜெயநகர்: பட்டியலைச் சுத்தம் பண்ணினா ஆடிட்ல மாட்டிக்குவோமா?

பட்டியல் வேறு, லாக் வேறு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பட்டியலிட்ட சம்பவங்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எப்போது, எதற்காகத் தடுத்தோம், எப்போது எடுத்தோம் என்பது லாகில் இருக்கட்டும்.

சிவாஜிநகர்: ஐபிவி6ல ஒவ்வொரு தடவையும் புது முகவரில வர்றான்.

/64 தொகுதியாக (முதல் 64 பிட் ஒன்றாக இருக்கும் முகவரிகள் எல்லாம்) தடுங்கள். ஒரு இணைப்புக்கே பொதுவாக அவ்வளவு கொடுக்கிறார்கள். தனித்தனியாகத் தடுத்தால் ஆயுளுக்கும் முடியாது.

அல்சூர்: ஒரே ஸ்டாஃபோட ஐபி தினமும் பிளாக் ஆகுது. நான் எடுத்துவிட எடுத்துவிட மறுபடி மாட்டுது. இக்னோர்ல போட்டுடட்டுமா அக்கா?

போடாதீர்கள். முதலில் லாகில் அந்த முகவரியைத் தேடிப் பாருங்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டு இப்படித்தான்: அவர் மெயில் பாஸ்வேர்டை லேப்டாப்பில் மாற்றியிருப்பார். பையில் கிடக்கும் போன், இல்லையென்றால் வீட்டில் பிள்ளை கார்ட்டூன் பார்க்கும் டேப்லெட், பழைய பாஸ்வேர்டோடு விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். ஃபெயில்2பேனின் இயல்பான கணக்கு பத்து நிமிடத்துக்குள் ஐந்து தவறு. மெயில் ஆப் அதை யாரும் தொடாமலே முடித்துவிடும். லாகில் ஐமேப் (மெயில் எடுக்கும் வழி) தோல்விகள் சீரான இடைவெளியில் தெரிந்தால் அதுதான். அவரை உட்கார வைத்து வீட்டில் இருக்கும் எல்லாக் கருவிகளையும் கேளுங்கள், பழைய பாஸ்வேர்டு இருப்பதைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு தடையை எடுங்கள். முதலில் தடையை எடுத்தால், அவர் போனைக் கையில் எடுப்பதற்குள் மறுபடி மாட்டியிருப்பார்.